மேல்கோடும் கீழ்கோடும்

ஏற்றத்தின் பாதியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவளின் கண் அந்த முள்மேல் இருந்தாலும், காது முழுவதும் முதுகுக்குப் பின்னால் இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்த மூச்சின்மேல்தான் இருந்தது.

“ஏங்க, முள் மேல போகுதுங்க.”

“ஏத்தத்துல ஏறாம எறக்கத்துலயா ஏறும்? ரெண்டாம் கியர்லயே போ. கிளட்சைப் புடிச்சுப் புடிச்சு விடாதே. அது என்ன உன் இஸ்திரிப் பெட்டியா?”

பின்னால் இருந்தவர் அவளுடைய கணவர். லாரி ஓட்டுவதை விட்டுப் பல காலம் ஆகியும் தெருவுக்கும் உறவுக்கும் அவர் டிரைவர்தான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள், மேட்டுக்கு அப்பால் இருந்த மருத்துவமனையில் ஓர் இயந்திரம் அவருடைய ரத்தத்தை வாங்கிக் கழுவித் திருப்பித் தந்துகொண்டிருந்தது. பேருந்தில் போனால் மேட்டைச் சுற்றிக்கொண்டு, வழியில் இரண்டு இடத்தில் மாற வேண்டும். போகும்போது மாறிவிடலாம், திரும்பும்போது அவர் துவைத்துப் பிழிந்து போட்ட துணியைப் போல இருப்பார். ஆகவே அவருடைய பழைய மோட்டார் சைக்கிளை அவரிடமே திட்டு வாங்கி ஓட்டக் கற்றுக்கொண்டு, அவரைப் பின்னால் உட்காரவைத்து, கிழிந்த போர்வையின் ஒரு துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, அவளே கொண்டுபோய்க் கொண்டுவந்தாள்.

வண்டி சாதாரண வண்டியன்று. காற்று பட்டுக் குளிரும் மற்ற வண்டிகளைப் போலல்லாமல், இதன் எஞ்சினைச் சுற்றி நீர் ஓடியது. முன்சக்கரத்துக்குப் பின்னால் சிலேட்டுப் பலகை அளவில் ஒரு ரேடியேட்டர். இருக்கைக்குக் கீழே, மேல்கோடும் கீழ்கோடும் போட்ட ஒரு சின்னப் பக்கத் தொட்டி. நீர்மட்டம் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். வாங்கிய புதிதில் டிரைவர் அதைக் குழந்தையைக் காட்டுவதுபோல எல்லாருக்கும் காட்டியிருக்கிறார்.

அடுத்த வளைவில் வெள்ளை ஆவி முகத்தில் அடித்தது. அதில் ஓர் இனிப்பு வாடை இருந்தது. எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது.

“மூடியைத் தொடாதே! தொட்டே, முகமே வெந்துபோகும்,” என்றார் டிரைவர். கட்டை அவிழ்ப்பதற்குள் அவருக்கு மூச்சு முட்டியது. அவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். ஆறட்டும் என்று காத்திருக்க வண்டிக்கு நேரமிருந்தது; அவருக்கு இல்லை. அவள் நடுச்சாலையில் நின்று கையை விரித்தாள். முட்டை ஏற்றிக்கொண்டு வந்த வேன் ஒன்று நின்றது.

அட்டைகளுக்கு நடுவில் இடம்பிடித்து உட்கார்ந்த டிரைவர், வேன்காரனிடம் சொன்னார்: “முட்டையோட முட்டையா வர்றேன் தம்பி. உடையாம கொண்டுபோய்ச் சேர்த்துடு.”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவருக்கென்று ஒதுக்கிய நேரத்தில் பாதி கரைந்துவிட்டிருந்தது. அடுத்த நோயாளி வெளியே, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எடை பார்க்கும் மேடையில் டிரைவர் ஏறியதும் அந்தப் பிரிவின் சிஸ்டர் புருவத்தைச் சுருக்கினாள்.

“டிரைவர் சார், புதன்கிழமைக்கும் இன்னிக்கும் நடுவுல இவ்ளோ தண்ணி எங்கேருந்து ஏறுச்சு? மழையில நின்னீங்களா?”

“காத்துல ஈரம் ஜாஸ்தி சிஸ்டர்.”

“காமெடி பண்ணாதீங்க. உங்களுக்கு ஒண்ணுக்குப் போறது நின்னு எவ்ளோ நாளாச்சு? உள்ள போறது வெளிய வர்றதுக்கு இந்த மெஷினைத் தவிர வேற வழி கிடையாது. இன்னிக்கு நேரம் பாதிதான்; எடுக்க வேண்டியதுல பாதிதான் எடுக்க முடியும். மிச்சத்தோட வீட்டுக்குப் போறீங்க. நடுவுல சனி, ஞாயிறு வேற. இனிமே ஒரு வாய் அதிகமானாலும் நெஞ்சுலதான் போய் நிக்கும்.” பிறகு அவள் பக்கம் திரும்பினாள். “அக்கா, நீங்க சொல்லுங்க. யாரு இவருக்குத் தண்ணி குடுக்குறது?”

“அளந்துதான் சிஸ்டர் குடுக்குறேன். பாட்டில்ல கோடு போட்டு வெச்சிருக்கேன்.”

“ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. வயித்துல போடுறதை அளக்க வேண்டாமா? நாளைக்கு ஒரு மெஷினும் காலியில்ல. ஆனா மூச்சு வாங்குச்சுன்னா ராத்திரியோ பகலோ பார்க்காதீங்க, அவசரப் பிரிவுக்குத் தூக்கிட்டு வந்துடுங்க. என்ன?”

“டாக்டர் எனக்கு எப்பவோ தண்ணி தெளிச்சு விட்டுட்டாரு சிஸ்டர்,” என்றார் டிரைவர். “அதைத் தெளிக்காம, குடிக்கக் குடுத்திருந்தா புண்ணியமாப் போயிருக்கும்.”

பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சிஸ்டரின் கேள்விக்கு அவள் சொன்ன பதில் பொய்யில்லை. ஆனால் முழுதும் இல்லை. பாட்டிலில் கோடு உண்டு. காலையில் மேல்கோடு வரை நிரப்பி வைத்துவிட்டுத்தான் அவள் சலவைக் கடைக்கு வேலைக்குப் போவாள். கீழ்கோட்டுக்குக் கீழே உள்ளது சாயங்கால மாத்திரைக்கு. அந்தக் கோடுகளுக்கு வெளியே, மதியம் சோற்றுக்கு வந்து திரும்பும் வேளையில், ‘தொண்டை காகிதமா ஒட்டிக்குது’ என்று அவர் சொல்லும்போது, அவள் ஒரு டம்ளரில் பாதி ஊற்றிக் கொடுப்பாள். அரை டம்ளர்தானே. அதைக் குடித்து முடித்ததும் அவர் முகத்தில் வரும் சாந்தத்தை எந்த மாத்திரையும் கொண்டுவந்ததில்லை.

*

சனிக்கிழமை காலை வண்டி ஸ்பேனரின் கொட்டகையில் இருந்தது. ஸ்பேனர் என்பது மெக்கானிக்குக்குத் தெரு வைத்த பெயர். கைக்குத் தெரிந்ததைவிட வாய்க்கு நாலு விஷயம் கூடுதலாகத் தெரிந்த மனிதர். முந்தின நாள் மாலையே மேட்டிலிருந்து வண்டியைக் கட்டி இழுத்துவந்தவன் டிரைவரின் தம்பி. பெரிய கார்களுக்குச் சர்வீஸ் செய்யும் நிலையத்தில் வேலை பார்ப்பவன். அண்ணன் என்றால் உயிர், அண்ணனின் குரல் என்றால் நடுக்கம். ‘வராதீங்க’ என்று அவள் எவ்வளவு சொல்லியும் கேளாமல் டிரைவரும் வந்து, கழற்றிப் போட்டிருந்த ஒரு கார் இருக்கையில் அமர்ந்துகொண்டார்.

ஸ்பேனர் அடிப்பக்கத் திருகைக் கழற்றினார். தட்டத்தில் நீர் விழவில்லை. கொழகொழவென்று, பழுப்பும் கறுப்புமாக ஏதோ ஒன்று தயங்கித் தயங்கி இறங்கியது. கடையில் பருத்திப் புடவைக்குப் போடும் கஞ்சி ஆறிப்போனால் அடியில் இப்படித்தான் கட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தோன்றியது.

“இது ரேடியேட்டரா, கஞ்சித் தொட்டியா?” ஸ்பேனர் விரலால் தொட்டுப் பார்த்தார். “யாருப்பா இதுல என்ன ஊத்துனது? உண்மையைச் சொல்லுங்க. வைத்தியன்கிட்டயும் மெக்கானிக்கிட்டயும் மறைக்கக் கூடாது.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வண்டியைப் பார்த்தார்கள்.

“பச்சை,” என்றார் டிரைவர் கடைசியில். “என் லாரிக்குப் போட்ட கூலன்ட். பரண் மேல ஒரு கேன் மிச்சம் இருந்துச்சு. அதை ஊத்துன லாரி மலைக்கு மேல மலை ஏறுச்சு, ஒரு நாள் கொதிச்சதில்ல.”

“நீங்க குனியக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே! பரண் மேல வேற ஏறுனீங்களா?”

“குனியல. உக்காந்துதான் ஊத்துனேன். நீ வேலைக்குப் போயிருந்தே.”

தம்பி தொண்டையைச் செருமினான். “நான் சிவப்பு ஊத்துனேண்ணே. எங்க சர்வீஸ்ல புதுக் காருக்கெல்லாம் போடுறது. ஒசத்திச் சரக்கு. நான் வந்தப்ப தொட்டி கீழ்கோட்டுக்குக் கீழ இருந்துச்சு. உங்ககிட்ட சொன்னா, ‘எனக்கே வண்டி சொல்லித் தர்றியாடா’ன்னு கத்துவீங்க.”

“கத்தாம? கார் எண்ணெயைக் கொண்டாந்து…”

“எண்ணெய் இல்லண்ணே, கூலன்ட்.”

“எனக்கே சொல்லித் தர்றியாடா?”

“பார்த்தீங்களா அண்ணி!”

ஸ்பேனர் அவளைப் பார்த்தார். “உங்க பங்கு என்னம்மா? இவங்க ரெண்டு பேரும் சொல்லியாச்சு.”

“சுத்தத் தண்ணிங்க,” என்றாள். “ஆஸ்பத்திரியில அந்த மெஷினுக்குன்னே சுத்தம் பண்றாங்களே, அந்தத் தண்ணி. சிஸ்டரைக் கேட்டு ஒரு பாட்டில் வாங்கி வெச்சிருந்தேன். எங்க கடையில நீராவிப் பெட்டிக்குக் குழாய்த் தண்ணி ஊத்துனா உப்புப் படிஞ்சு அடைச்சுக்கும். சுத்தத் தண்ணி ஊத்துனா வருஷக்கணக்கா ஓடும். அதான், இதுக்கும் அதையே…”

“சரியாப் போச்சு. மூணு பேரும் நல்லதுதான் நெனைச்சிருக்கீங்க. கெட்டதை நெனைச்சிருந்தாகூட இவ்ளோ சுத்தமா கெடுத்திருக்க முடியாது.” ஸ்பேனர் எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். “பச்சையில இருக்குற மருந்து வேற, சிவப்புல இருக்குறது வேற. தனித்தனியா ரெண்டு பேரும் யோக்கியன்தான். ஒரே வீட்டுல விட்டா சட்டையைப் புடிச்சுக்குவானுங்க. அந்தச் சண்டைதான் இந்தக் கஞ்சி. பச்சையில சிலிகேட்னு ஒண்ணு இருக்கு, பொடி மணல் மாதிரி. லாரி பம்பு தாங்கும். இந்தச் சுண்டைக்கா பம்புல தண்ணி கசியாம அடைக்கிற சீலைத் தேய்ச்சே தின்னுடும். அப்புறம் உங்க சுத்தத் தண்ணி. நீராவிப் பெட்டிக்கு அது சரிம்மா. இது அலுமினியம். அரிக்காம இருக்க மருந்து வேணும். நீங்க ஊத்த ஊத்த இருந்த மருந்தும் நீர்த்துப்போச்சு. இந்தா, இதைப் பாருங்க.”

பம்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை இருந்தது. அதன் ஓரத்தில் பச்சையும் சிவப்பும் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

“சீல் போனா இங்க சொட்டும். சொட்டட்டும்னுதான் இந்த ஓட்டையையே வெச்சிருக்கான். எத்தனையோ நாளாச் சொட்டியிருக்கு. தொட்டி குறைஞ்சுக்கிட்டே வந்திருந்தா யாராவது ஒருத்தர், ‘ஏன்டா குறையுது’ன்னு கேட்டிருப்பீங்க. குறையறப்பல்லாம் ஆளாளுக்கு ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் ஊத்தி ரொப்பி வெச்சீங்க. பார்க்கறவங்களுக்கு எப்பவும் ரொம்பி இருந்துச்சு. அதான் நோவு தெரியல.”

அவர் அதை வண்டியைப் பற்றித்தான் சொன்னார். அவளுடைய கண் டிரைவரின் சட்டைக் கழுத்துக்குப் போயிற்று.

துணியைக் கையாளும் தொழில் கறையைப் பார்க்கப் பழக்கிவிடும். போன ஞாயிறு டிரைவரின் சட்டைக் கழுத்தில் ஒரு மஞ்சள் திட்டு இருந்ததை அவள் பார்த்திருந்தாள். பழச்சாறு. தம்பி வந்துபோன நாள். எதுவும் கேட்காமல் சோப்புப் போட்டு அதை எடுத்தும்விட்டாள். குளியலறையில் அவர் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் நடுநடுவே நின்று நின்று வருவதும், அந்த இடைவெளிகளில் செம்பு எங்கே போகிறதென்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று வைத்திருந்தது. அவளுடைய அரை டம்ளர், கொழுந்தனுடைய கிளாஸ், அவருடைய செம்பு. மூன்றையும் அவள் இதுவரை ஒரே பாத்திரத்தில் ஊற்றிப் பார்த்ததில்லை.

ஸ்பேனர் குழாயைச் செருகி ரேடியேட்டரைக் கழுவத் தொடங்கினார். நீர் ஒரு பக்கம் தெளிவாகப் போய் மறுபக்கம் பழுப்பாக வந்தது. பிறகு வெளிறி வந்தது. பிறகு போனபடியே வந்தது. அப்படியும் அவர் குழாயை எடுக்கவில்லை. தட்டத்தை முகர வந்த நாயை மட்டும் காலால் விரட்டினார். “போ சனியனே! இனிப்பா இருக்குன்னு நக்கும். அப்புறம் அது கதை முடிஞ்சுது.”

டிரைவர் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு உதட்டின்மேல் வந்து, ஈரமில்லாமல் திரும்பிப் போயிற்று.

“என்னமாக் குடிக்குது பாரு,” என்றார்.

ஸ்பேனர் குழாயை மூடினார்.

*

கூலன்ட் வாங்க அவளும் கொழுந்தனும் நடந்தார்கள். உதிரிபாகக் கடையில் பச்சை, சிவப்பு, நீலம், இளஞ்சிவப்பு என்று பாட்டில்கள் வரிசையாக நின்றன. மருந்துக் கடையைவிட மிட்டாய்க் கடைக்குத்தான் அது நெருக்கம்.

“என்ன கலரும்மா?” என்றார் கடைக்காரர்.

“கலர் எதுவானாலும் சரிங்க. பைக்குக்குன்னு போட்டதா இருக்கணும். அலுமினியம் எஞ்சினுக்கு ஆகணும். சிலிகேட் இல்லாததா வேணும்.”

கடைக்காரர் இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தார். “ரெண்டும் நீங்க கேட்டதுதான். இது கெட்டி, நீங்க பாதிக்குப் பாதி தண்ணி கலந்துக்கணும், மெனரல் எடுத்த தண்ணியா. இது கலந்தே வர்றது. ஒரு சொட்டு சேர்க்கக் கூடாது, அப்படியே ஊத்த வேண்டியதுதான்.”

“மினரலா அண்ணே?” என்றான் தம்பி.

“அதேதான். என் வாயில அப்படித்தான் வரும்.”

தம்பி குனிந்து காதோடு சொன்னான்: “கெட்டியே வாங்கிடலாம் அண்ணி. இதுல பாதி வெறும் தண்ணி. தண்ணியைப் போய்க் காசு குடுத்து வாங்குவாங்களா?”

“கலந்தே வர்றதைக் குடுங்க,” என்றாள் அவள். “நம்ம வீட்டுல இனிமே யார் கையிலயும் தண்ணி அளவைக் குடுக்கக் கூடாது தம்பி. என் கையிலயும்தான்.”

சொன்ன பிறகுதான், சொல்ல வேண்டியதற்கு வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்தது. திரும்பி நடக்கையில், கொழுந்தனின் பக்கவாட்டு முகத்தைப் பார்த்தாள். “தம்பி, நீங்க ஞாயித்துக்கிழமை வர்றப்ப…”

“சொல்லுங்க அண்ணி.”

அவன் கண்ணில் ஒரு திடுக்கிடல் வந்து ஒளிந்தது. ‘உங்க அண்ணனுக்கு என்ன குடுக்கறீங்க’ என்று அவள் கேட்டால், ‘நீங்க என்ன குடுக்கறீங்க’ என்று அடுத்த கேள்வியை அவன் கேட்பான். கேட்காவிட்டாலும் அது அங்கே நிற்கும்.

“வர்றப்ப அந்த வெட்டுக் குறடை எடுத்துட்டு வாங்க. ஜன்னல் கம்பி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு.”

“சரி அண்ணி,” என்றான் அவன், வேண்டியதைவிட வேகமாக.

புதுச் சீல் ஏறியது. நீலக் கூலன்ட் மெல்ல இறங்கியது. ஸ்பேனர் ரப்பர் குழாய்களைப் பிசைந்து பிசைந்து காற்றை வெளியேற்றினார். எஞ்சின் ஓடியது, சூடேறியது. உரிய சூடு வந்ததும் ஃபேன் தானாகச் சுழன்றது, முள் நடுவுக்கு வந்து நின்றது. தொட்டியில் நீர்மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவில். அவள் கறுப்பு டேப்பை வாங்கித் தொட்டி மூடியைச் சுற்றி இறுக்கி ஒட்டினாள்.

“இனிமே இதுல என் கை மட்டும்தான். குறைஞ்சா சொல்லுங்க, ஊத்தாதீங்க.”

“உத்தரவுங்க முதலாளியம்மா,” என்றார் டிரைவர், எழுந்து நின்று சலாம் வைத்து. எழுந்ததற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. வண்டி தேறிவிட்ட மகிழ்ச்சியில் இருந்த மற்ற இருவரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

*

அன்று மாலை மாத்திரைக்குத் தண்ணீர் கொடுக்கும்போது அவள் ஆரம்பித்தாள்.

“ஏங்க. வண்டிக்குச் சொன்ன மாதிரிதான் உங்களுக்கும். இனிமே ஒரு கைதான்.”

“யார் கை?”

“என் கை.”

“இப்பவும் உன் கைதானே குடுக்குது?”

அவர் அவளைப் பார்த்தார். மிரட்டலோ கேலியோ இல்லாத பார்வை. தண்ணீர் கேட்கும்போது மட்டும் அவருக்கு வரும் பார்வை அது. உலகமெல்லாம் சுற்றிய மனிதன் ஒரு சமையலறை வாசலில் கையேந்தி நிற்கும் பார்வை. ‘அந்த அரை டம்ளரும் இனிமே கிடையாது’ என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும்; எதைப் பிடுங்க வேண்டுமென்பது அவளுக்கு உள்ளங்கைபோலத் தெரிந்தது. ஆனால் அவருடைய காய்ந்துபோன உதடுகளைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. திங்கட்கிழமை மெஷின் முழுசா எடுத்துடும், அன்னிக்கே சிஸ்டர் முன்னால வெச்சு எல்லாத்தையும் சொல்லிடலாம் என்று தனக்குத் தானே ஒரு தவணை வாங்கிக்கொண்டாள்.

“கால் வீங்கியிருக்கே,” என்றாள் அதற்குப் பதிலாக.

“கார் சீட்டுல தொங்கப் போட்டு உக்காந்திருந்தேன்ல. அதான்.”

ஞாயிறு அவளுக்குப் பாதி நாள் வேலை. திரும்பி வந்தபோது ஜன்னல் கம்பி வெட்டப்பட்டிருந்தது. சமையல் மேடையில் ஒரு கண்ணாடி கிளாஸ் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டில் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. விருந்தாளி வந்தால் எடுப்பது. அதன் விளிம்பைச் சுற்றி மேடையில் ஈர வட்டம். அவள் அந்த வட்டத்தைத் துணியால் துடைத்தாள். கிளாஸை அதன் இடத்தில் வைத்தாள். சோறு போட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் சொன்னார்: “தொண்டை காகிதமா ஒட்டிக்குதுடி.”

அவள் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள்.

“நாளைக்குத்தான் மெஷின்ல போய்ப் படுக்கப் போறேனே. அதுவே உறிஞ்சிடுமே. பாதி போதும். பாதியில பாதி குடு.”

தம்பி ஒரு கிளாஸ் கொடுத்திருக்கிறான், தான் மட்டும் இல்லை என்றால் அது தண்டனை போலாகாதா என்று அவளுக்குத் தோன்றியது. இப்படித் தோன்றியதை அவள் பிறகு பல முறை எடுத்துப் பார்க்கப் போகிறாள். அப்போது எடுத்தது டம்ளரை. பாதியில் பாதி என்று சாய்த்தது பாதிக்கே வந்துவிட்டது.

இருட்டியதும் அவர் படுக்கவில்லை. சுவரோரம் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்துகொண்டார்.

“மூச்சு வாங்குதா? ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா? சிஸ்டர் சொல்லியிருக்காங்க.”

“சும்மா இரு. வண்டி நல்லாயிடுச்சுன்னு சந்தோஷத்துல தூக்கம் வரல. காலையில மொதல் ஆளாப் போவோம், நீயே பாரு.”

*

காலையில் அவர் தானே பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். மேல்கோடு வரை தண்ணீர் இருந்தது.

“பாரு. நேத்து நீ ரொப்பி வெச்சது, தொடவே இல்ல. பையில போடு. சிஸ்டர் கேட்டா மூஞ்சிக்கு நேரா காட்டலாம்.”

அந்தப் பாட்டிலை வாங்கியபோது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொடுத்த கைகள் நிறைய இருந்ததால்தான் அளந்த நீர் அப்படியே மிஞ்சியிருந்தது. அதைப் பையில் வைத்தாள். செருப்பு காலில் ஏறவில்லை. வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தார். போர்வைத் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

ஏற்றம் தொடங்கியது. எஞ்சின் அவளுடைய நினைவில் என்றுமே இவ்வளவு இனிமையாக ஓடியதில்லை. போன முறை கையை விரித்து நின்ற இடம் வந்தது, போயிற்று.

“முள்… எங்க… நிக்குது?” ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் அவர் எங்கோ போய்வந்தார். மூச்சோடு ஒரு கொப்புளிப்புச் சத்தமும் சேர்ந்து கேட்டது.

“நடுவுலங்க.”

“அசையுதா?”

“அசையலங்க. பேசாதீங்க. இதோ வந்துட்டோம்.”

“அப்பாடா,” என்றார் அவர். தலை அவளுடைய தோளில் வந்து சாய்ந்தது.

அவள் வேகத்தைக் கூட்டினாள். வண்டி முனகாமல் கொடுத்தது, கேட்டதையெல்லாம் கொடுத்தது. மேட்டின் உச்சியில், எஞ்சினின் சத்தம் தணியும் அந்த ஒரு வளைவில், அவள் காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் கேட்டாள். எஞ்சின் மட்டும்தான் கேட்டது. முதுகில் பாரம் கூடியிருந்தது. இறக்கம் முழுவதும் அவள் அவரோடு பேசிக்கொண்டே போனாள். முள் நடுவில் நிற்கிறது, நடுவில்தான் நிற்கிறது என்று.

மருத்துவமனை வாசலில் முடிச்சு அவிழவில்லை. சிஸ்டர் ஓடிவந்து, கத்தரிக்கோலால் போர்வைத் துண்டை வெட்டித்தான் அவரை அவளிடமிருந்து பிரித்தாள்.

*

வண்டிகள் நிறுத்தும் கொட்டகையில் கொழுந்தன் அவளைக் கண்டுபிடித்தபோது, உள்ளே செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்துவிட்டுத் துணியை முகம்வரை இழுத்து மூடியிருந்தார்கள். அவள் வண்டியின் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள். அவனும் குத்துக்காலிட்டு அமர்ந்தான். கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல், பழக்கத்தில் பக்கத் தொட்டியைப் பார்த்தான். டேப் அப்படியே இருந்தது.

“ஒரு சொட்டு குறையல அண்ணி,” என்றான். அதைச் சொன்ன வாயே கோணி அழத் தொடங்கியது. “அண்ணி, நேத்து நான்…”

“கிளாஸ் ஈரமா இருந்துச்சு தம்பி.”

“ஒண்ணே ஒண்ணுதான் அண்ணி. எப்பவும் ஒண்ணே ஒண்ணுதான். அண்ணன் கெஞ்சுனாரு. என்கிட்டப் போய்க் கெஞ்சுனாரு அண்ணி, அவரு.”

“நான் அரை டம்ளர்,” என்றாள் அவள். “தினமும்.”

அவன் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். குளியலறைச் செம்பைப் பற்றி அவள் சொல்லவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உள்ளே கிடந்தார். அந்தப் பங்கையாவது அவரோடு விட்டுவிடலாம் என்று நினைத்தாள். சிஸ்டர் வந்து எட்டிப் பார்த்தாள். கேட்க வந்ததைப் போல நின்றுவிட்டு உள்ளே போனாள்.

கொழுந்தனுக்கு விக்கல் எடுத்தது. அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்ற நீரைப் பார்த்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் மூடியைத் திறந்து, கொட்டிவிடலாம் என்று தரைப்பக்கம் சாய்த்தாள். கை அதற்கு மேல் சாயவில்லை. மூடியை இறுக்கித் திருகினாள். வெட்டுப்பட்ட போர்வைத் துண்டால் பாட்டிலைச் சுற்றி, சிந்தாதபடி, நிமிர்த்திப் பையில் வைத்தாள்.